சுரங்கக் கழிவு மேட்டை ஏன் ஐந்து கட்டமாகக் கட்டுகிறார்கள்?

"தென்னாப்பிரிக்காவில், டண்டீக்கும் கிளென்கோவுக்கும் நடுவில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதற்கு மேட்டுப் பக்கம், நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவைக் கொட்ட ஒரு மேடு வரப்போகிறது. ஐந்து கட்டமாகக் கட்டுவோம் என்று எழுதியிருக்கிறார்கள். முழு இடத்தையும் ஒரே தடவையில் ஒழுங்காகத் தயார் செய்துவிட்டுக் கொட்டாமல், ஏன் இப்படித் துண்டு துண்டாகச் செய்கிறார்கள்? காசை மிச்சம் பிடிக்கவா?" என்று கேட்டிருந்தீர்கள். கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்திருந்தீர்கள். உங்கள் மாமனார் சிறுவயதில் பார்த்த பழைய கழிவு மேடு வருஷக்கணக்கில் புகைந்துகொண்டே இருந்தது என்று ஒன்று. வீட்டுக்குக் குடிதண்ணீர் போர்ஹோல் என்ற ஆழ்துளைக் கிணற்றில் இருந்துதான் வருகிறது என்று இன்னொன்று. அந்த இரண்டு வரியைப் படித்த பிறகுதான் கேள்வியே எனக்குப் புரிந்தது. ஐந்து கட்டம் ஏன் என்பதைவிட, இந்த மேடு எரியுமா, சரியுமா, எங்கள் தண்ணீரைக் கெடுக்குமா, இவர்கள் சொல்லும் 'கட்டம்' எங்களைக் காப்பதற்கா அல்லது எங்கள் வாயை அடைப்பதற்கா என்பதே உங்கள் கவலை. அதற்கே பதில் எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். கிண்டியில் சுரங்கப் பொறியியல் படித்தேன். வேலையைக் கற்றுக்கொண்டது நெய்வேலியின் மண்மேடுகளில். 2003-இல் இங்கே வந்தேன். அன்றிலிருந்து எமலாஹ்லேனி பக்கம், இன்றும் பலர் விட்பேங்க் என்றே சொல்லும் ஊரைச் சுற்றி, நிலக்கரிக் கழிவு மேடுகளை வடிவமைப்பதும் அவை வளரும்போது கூடவே நின்று பார்ப்பதும்தான் என் பிழைப்பு. சம்பளம் கொடுத்தவர்கள் எல்லோரும் சுரங்கக்காரர்கள்; அதை மனதில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள். உங்கள் நிலத்தை நான் பார்க்கவில்லை. அதனால் எந்த மேட்டுக்கும் பொருந்துவதை உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் மண்ணைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

கொட்டப்போவது என்ன என்பதில் தொடங்குவோம். தோண்டி எடுத்த நிலக்கரியைக் கழுவும் ஆலையில் போட்டால், நல்ல கரி ஒரு பக்கமும் கல்லும் மட்டக் கரியும் மறுபக்கமும் பிரியும். இந்த மறுபக்கத்தைத்தான் இங்கே டிஸ்கார்ட் என்கிறோம். அதைக் கொட்டும் இடம் டம்ப். நான் மேடு என்றே எழுதுகிறேன். இது வெறும் கல் என்றால் இவ்வளவு பேச்சே வேண்டாம். இதில் எரியக்கூடிய கரியும் இருக்கிறது, பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமமும் இருக்கிறது. காற்றும் தண்ணீரும் பட்டால் இரண்டும் சும்மா இருக்காது. தென்னாப்பிரிக்காவில் இந்தக் கழிவு இதுவரை 100 கோடி டன்னுக்கும் மேல் குவிந்திருக்கிறது. ஆண்டுதோறும் கூடிக்கொண்டும் இருக்கிறது.

ஏன் ஒரே தடவையில் இடம் தயார் செய்வதில்லை? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மேட்டின் முழு அடிப்பரப்பு 40 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர் தண்ணீர். 40 ஹெக்டேரையும் முதல் ஆண்டிலேயே சுரண்டித் திறந்துபோட்டுக் கழிவைப் பரப்பத் தொடங்கினால், அந்த ஒரு மழைக்கு 4 கோடி லிட்டர் வரை அழுக்குத் தண்ணீர். அதையெல்லாம் பிடித்துவைக்கக் குளம் வேண்டும். அதே இடத்தில் 8 ஹெக்டேர் மட்டும் திறந்திருந்தால் 80 லட்சம் லிட்டர்தான். மீதி 32 ஹெக்டேரில் புல் நிற்கும், அங்கே விழும் மழை சுத்தமாகவே ஓடைக்குப் போகும். சுரங்கம் கழிவைத் தள்ளுவது பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு. கடைசிக் கட்டத்துக்கான மண்ணை இன்றே உரித்துப் போட்டு வெயிலிலும் மழையிலும் காயவிடுவதால் யாருக்கும் நன்மையில்லை. ஆகவே கட்டம் பிரிப்பது என்பதே தப்பு என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நன்றாகச் செய்தால் அது உங்கள் தண்ணீருக்கு நல்லது.

இரண்டாவது காரணம் அடிமண். ஊறவைத்து அரைத்த மாவைத் துணியில் கட்டி, மேலே அம்மிக்கல்லை வைத்துத் தண்ணீரை வடிப்பார்கள் அல்லவா? மெதுவாக எடை ஏற்றினால் தண்ணீர் கசிந்து வடிந்து மாவு இறுகும். ஒரேயடியாகப் பாரத்தைப் போட்டால் துணி பக்கவாட்டில் பிதுங்கிக் கிழியும். ஈரமான களிமண்ணின் மேல் மேடு கட்டுவதும் இதே கதைதான். கழிவின் எடையை முதலில் தாங்குவது களிமண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் தண்ணீர். அது வெளியேற நாள் கொடுத்தால் களி இறுகி வலுவாகும், கொடுக்காவிட்டால் வழுக்கும். அதனால்தான் ஒரு கட்டத்தை ஒரு உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, மண்ணுக்குள் பதித்த பைசோமீட்டர் என்ற கருவியில் நீரழுத்தத்தைப் படித்து, அது இறங்கிய பிறகே அடுத்த அடுக்கை ஏற்ற வேண்டும். உங்கள் நிலத்தடியில் எவ்வளவு களி இருக்கிறது என்பது துளையிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்தத் துளைகளின் பதிவு அவர்களுடைய அறிக்கையில் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால், முதல் கேள்வி அதுதான்.

அடிமண்ணைப் பற்றிப் பேசும்போது அபெர்ஃபானைச் சொல்லாமல் போக முடியாது. உங்கள் மனதிலும் அதுதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டில் மலைச்சரிவில் இருந்த ஏழாம் எண் கழிவு மேடு இளகி இறங்கி, கீழே இருந்த தொடக்கப் பள்ளியை மூடியது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். அந்த மேட்டை 1958-இல் தொடங்கியபோது, அடியில் ஊற்று ஓடுவது நில அளவைப் படத்திலேயே இருந்தது. 1944-இல் பக்கத்து மேடு ஒன்று சரிந்திருக்கிறது. 1963-இல் இதே ஏழாம் மேடு ஒருமுறை சரிந்திருக்கிறது. நிறுத்திப் பார்க்க வேண்டிய நேரம் இரண்டு முறை வந்தும் யாரும் நிறுத்தவில்லை. விசாரணைக் குழு சுரங்கத்தை நடத்திய தேசிய நிலக்கரி வாரியத்தின் மீதே பொறுப்பை வைத்தது. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கட்டம் என்ற சொல்லுக்குள் இருக்க வேண்டியது இந்த நிறுத்தம்தான். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் வேலையை நிறுத்தி, அடியைப் பார்த்து, கசிவைப் பார்த்து, ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த லாரி ஏறலாம் என்று இருக்க வேண்டும். அப்படி இல்லாத ஐந்து கட்டம், வரைபடத்தில் போட்ட ஐந்து நிறம். அவ்வளவே.

இனி தீ. உங்கள் மாமனார் பார்த்த புகைக்குக் காரணம் யாரும் நெருப்பு வைத்ததல்ல. அந்தக் காலத்தில் மேட்டின் உச்சிக்குக் கழிவைக் கொண்டுபோய் விளிம்பில் இருந்து கவிழ்ப்பார்கள். பொடி மேலேயே தங்கும். பெரிய கட்டிகள் உருண்டு அடிவாரம் வரை போய்ச் சேரும். அடிவாரம் முழுக்கக் கல்லும் இடைவெளியுமாக, வீட்டு அடுப்பின் வாய் மாதிரி இருக்கும். குளிர்ந்த காற்று அங்கே நுழைந்து, கரியோடு சேர்ந்து சூடாகி, மேலே எழும்பும். எழும்பிய இடத்தை நிரப்பப் புதுக்காற்று அடியில் நுழையும். புகைபோக்கி எப்படி வேலை செய்கிறதோ அப்படியே. சூடு ஏற ஏறக் கரி காற்றைத் தின்னும் வேகமும் கூடும். ஒரு எல்லையைத் தாண்டினால் பிறகு தானாகவே எரியும். எரிந்து தீர்ந்த மேடு செங்கல் நிறத்தில் சிவந்திருக்கும். இந்தப் பக்கத்துப் பழைய சுரங்கங்களைச் சுற்றி நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1913-இல் இந்தப் பக்கத்து நியூகாசில் சுரங்கங்களில் வேலையை நிறுத்திவிட்டுக் காந்தியோடு நடந்த ஒப்பந்தத் தொழிலாளர்களில் நம்மவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தலைமுறையின் வீடுகள் இப்படிப்பட்ட மேடுகளின் நிழலில்தான் இருந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

இதற்கு மருந்து தெரிந்ததுதான். விளிம்பில் இருந்து கவிழ்க்கக் கூடாது. கழிவை 30 முதல் 50 சென்டிமீட்டர் அடுக்காகப் பரப்பி, ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். ஓரச் சரிவை உடனுக்குடன் மண்ணால் மூடிப் புல் வளர்க்க வேண்டும். காற்று உள்ளே போக வழியில்லாத மேடு எரியாது. கட்டம் பிரிப்பதன் பலன் இங்கேயும் வருகிறது. சின்னப் பரப்பில் வேலை நடந்தால் சரிவு சீக்கிரம் இறுதி வடிவத்துக்கு வரும், சீக்கிரம் மூடலாம். முதல் கட்டத்தின் வெளிச்சரிவில் புல் முளைத்த பிறகு இரண்டாம் கட்டம் உயர்வதுதான் நல்ல திட்டம். 'எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாக மண் போட்டு மூடுவோம்' என்று எழுதியிருந்தால் அது நல்ல திட்டமில்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் கட்டம் பிரிப்பதிலேயே ஒரு பலவீனம் பிறக்கிறது. கட்டமும் கட்டமும் ஒட்டும் இடம் அது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2009-இல் ம்புமலாங்கா மாகாணத்தில் ஒரு சுரங்கத்தில் இரண்டாம் கட்டத்தை முதல் கட்டத்தின் சரிவோடு சேர்த்து உயர்த்திக்கொண்டிருந்தோம். மழைக்கால நடுவில் ரோலர் பழுதாகிப் பதினோரு நாள் நின்றது. ஆலை நிற்கவில்லை, கழிவு வந்துகொண்டே இருந்தது. இரவு ஷிப்டில் லாரிகள் முதல் கட்டத்தின் விளிம்பில் இருந்து இரண்டாம் கட்டத்தின் பள்ளத்துக்குள் கவிழ்த்திருக்கின்றன. ஏழெட்டு மீட்டர் ஆழம். ரோலர் வந்ததும் அதன் மேலேயே அடுக்குப் போட்டு ஏறிவிட்டார்கள். அடர்த்திச் சோதனை என் பொறுப்பு. நான் சோதித்தது மேல் அடுக்குகளை, எல்லாம் தேறின. கையெழுத்தும் போட்டேன். அடுத்த ஜூலையில், இங்கே அது குளிர்காலம், ஒரு காலை, புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தபோது, சரிவின் நடுவே ஒரு பட்டை மட்டும் பச்சையாக, ஈரமாக இருந்தது. பனி அங்கே தங்கவில்லை. ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் கம்பியை இறக்கி அளந்தால் 70 பாகைக்கு மேல் சூடு. சரியாக இரண்டு கட்டமும் ஒட்டிய கோடு. தோண்டி எடுத்து, மெல்லியதாகப் பரப்பி ஆறவைத்து, திரும்ப இறுக்கிக் கட்ட நான்கு மாதம் ஆனது. தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது. கொதிக்கும் கரியில் தண்ணீர் பட்டால் எரியும் வாயு உண்டாகி வெடிக்கக்கூடும். அன்றிலிருந்து எந்த மேட்டுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது, 'ரோலர் நின்றால் கழிவை எங்கே கொட்டுவீர்கள்?' என்பதைத்தான். நீங்களும் இதைக் கேளுங்கள். தற்காலிகமாகக் கொட்ட ஒரு இடம் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். சாதாரணக் கேள்வியாகத் தெரியும். பதில் சொல்பவருடைய தயாரிப்பு எவ்வளவு என்பது இதில் வெளிப்பட்டுவிடும்.

ஒட்டும் இடத்தில் கெடக்கூடியது தீ மட்டுமல்ல. மேட்டின் அடியில் கல்லால் செய்த வடிகால்கள் இருக்கும், உள்ளே இறங்கும் தண்ணீரை வெளியே கொண்டுவர. இரண்டாம் கட்டம் முதல் கட்டத்தின் கீழ்ப்பக்கம் வருமானால், முதல் கட்டத்து வடிகாலின் வாயை அது மூடிவிடும். அந்த வாயைப் புதுக் கட்டத்தின் அடியில் நீட்டிக்கொண்டுபோய் வெளியே விட வேண்டும். அடுத்த கட்டங்கள் முதல் கட்டத்தின் மேல்பக்கம் வருமானால், ஐந்தாம் கட்டம் வரும்போது முதல் வடிகால் ஐந்து கட்டத்துத் தண்ணீரையும் சுமக்கும் அகலத்தில் இருக்க வேண்டும். முதல் கட்டத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுச் செய்த வடிகால், பின்னால் திறந்து பெரிதாக்க முடியாத இடத்தில் புதைந்திருக்கும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பஃபலோ கிரீக் என்ற பள்ளத்தாக்கில் 1972 பிப்ரவரி 26 அன்று நிலக்கரிக் கழிவால் கட்டிய அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். அங்கே மூன்றாவது அணையை, முந்தைய அணை தேக்கிவைத்த சேற்றின் மேலேயே கட்டியிருந்தார்கள். பழைய கட்டத்தின் ஈரத்தில் புதிய கட்டம் உட்கார்ந்தது. உங்கள் பக்கம் வருவது உலர்ந்த கழிவு மேடா, அல்லது கழுவும் ஆலையின் ஸ்லரி என்ற கரிச்சேற்றையும் நடுவில் தேக்கும் மேடா என்று கட்டாயம் கேளுங்கள். உலர்ந்த மேட்டையும் சேறு தேக்கும் மேட்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. இரண்டாவது வகை உடைந்தால் ஓடும். இந்த நாட்டிலேயே 1994 பிப்ரவரி 22 அன்று மெரிஸ்ப்ரூட்டில் தங்கச் சுரங்கத்தின் கழிவுச்சேற்று அணை மழையில் உடைந்து 17 பேர் இறந்தார்கள். அது நிலக்கரி இல்லை, ஆனாலும் சேறு ஓடும் விதம் ஒன்றுதான்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ஆம், கட்டம் பிரிப்பதால் சுரங்கத்துக்குப் பணம் மிச்சம். இன்று செலவழிக்க வேண்டியதைப் பத்து ஆண்டு தள்ளிச் செலவழிக்கலாம். இதில் தவறில்லை, அந்தப் பத்தாவது ஆண்டில் செலவழிக்க யாராவது இருந்தால். நான் உண்மையாகவே கவலைப்படுவது இங்கேதான். கரி விலை விழும், சுரங்கம் கைமாறும், அல்லது மூடிப் பூட்டிவிட்டு ஒரு காவலாளியை உட்காரவைப்பார்கள். அப்போது மேடு மூன்றாம் கட்டத்தின் நடுவில் நிற்கும். ஒரு பக்கம் புல், மறுபக்கம் கொட்டியபடியே 37 பாகைச் செங்குத்தில் திறந்த கரி. இறுதி வடிவத்துக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தால் இந்த அரைகுறை வடிவத்தின் பாதுகாப்பை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு மேடு அதன் கடைசி நாளில் மட்டும் பாதுகாப்பாக இருந்தால் போதாது, வளரும் ஒவ்வொரு நாளும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கட்டத்தின் முடிவுக்கும் தனித்தனியாகச் சரிவுக் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சரிவைத் தள்ளும் விசையைவிடத் தாங்கும் விசை ஒன்றரை மடங்கு இருப்பதே பொதுவாக நாங்கள் எதிர்பார்ப்பது. அறிக்கையில் அது 1.5 என்ற எண்ணாக இருக்கும். இறுதிச் சரிவு மூன்று மீட்டர் நகர்ந்தால் ஒரு மீட்டர் ஏறும் அளவுக்குப் படுத்திருந்தால் நல்லது. மண் தங்கும், புல் பிடிக்கும், மழை அரிக்காது. மூடுவதற்கான பணத்தை முன்கூட்டியே உத்தரவாதமாக வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தத் தொகை எந்தக் கட்டம் வரைக்கும் கணக்கிட்டது, பாதியில் நின்றால் போதுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லிவிட வேண்டும். முதல் கட்டத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, மற்றவற்றைப் பிறகு 'சிறு திருத்தம்' என்று சேர்ப்பது. ஒவ்வொரு துண்டும் சின்னதாகத் தெரியும். மொத்தத்தை யாரும் எடைபோட்டிருக்க மாட்டார்கள். உங்கள் கையில் இருக்கும் காகிதம் ஐந்து கட்டத்தையும் காட்டுகிறது என்றால் அது நல்ல அறிகுறி. சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வும் ஐந்துக்கும் சேர்த்துச் செய்யப்பட்டதா என்று மட்டும் உறுதிசெய்யுங்கள்.

தண்ணீர். பைரைட்டில் காற்றும் ஈரமும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். அமிலம் மண்ணில் இருக்கும் இரும்பையும் மாங்கனீசையும் கரைத்துக்கொண்டு இறங்கும். சுண்ணாம்புத்தன்மையுள்ள பாறை கலந்திருந்தால் அது கொஞ்ச காலம் அமிலத்தை முறிக்கும். அந்தச் சுண்ணாம்பு தீர்ந்த பிறகுதான் புளிப்பு வெளியே வரும். அதனால் முதல் ஐந்து ஆண்டு தண்ணீர் நன்றாக இருந்தது என்பதை யாராவது சான்றாகக் காட்டினால், போதாது என்று சொல்லுங்கள். புளிப்பு வருவதற்கு முன்பே சல்பேட் ஏறத் தொடங்கும். எனவே கவனிக்க வேண்டியது அதைத்தான். இந்த நாட்டுக் குடிநீர்த் தரநிலையில் சல்பேட்டுக்கு உடல்நல வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், சுவைக்கான வரம்பு 250. இன்று உங்கள் போர்ஹோலில் 30 இருந்து, நான்கு ஆண்டில் 120 ஆனால், அது வரம்புக்குள்தான். ஆனால் ஏதோ வந்துகொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

1998-ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டத்தின் கீழ் 1999 ஜூனில் வந்த 704 எண் விதிகளை உங்கள் வழக்கறிஞர் அறிந்திருப்பார். அதன்படி, நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தின் கோட்டுக்குள்ளோ, ஓடை, கிணறு, போர்ஹோல் ஆகியவற்றில் இருந்து 100 மீட்டருக்குள்ளோ இப்படிப்பட்ட மேட்டை வைக்கக் கூடாது. மேட்டில் இருந்து வடியும் அழுக்குத் தண்ணீரும் மேட்டுக்கும் மேலே உள்ள நிலத்தில் இருந்து வரும் நல்ல தண்ணீரும் கலக்கக் கூடாது. அழுக்குத் தண்ணீர்க் குளம் ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் வழியக் கூடாது. குளம் நிறைந்து நிற்கும் நீர்மட்டத்துக்கு மேல் 0.8 மீட்டர் கரை மிச்சம் இருக்க வேண்டும். விதிவிலக்கு கேட்க வழியும் அதே விதிகளில் இருக்கிறது. கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 100 மீட்டர் என்பது சட்டத்தின் அளவு. பாறையில் வெடிப்பு இருந்தால் நிலத்தடி நீர் அந்த அளவை மதிக்காது; டாலரைட் என்ற கெட்டிப் பாறை சுவர் போலக் குறுக்கே இருந்தால் அது நீரைத் தடுக்கவும் செய்யும், தன் ஓரமாக வெகுதூரம் கொண்டுபோகவும் செய்யும். உங்கள் பக்கத்தில் டாலரைட் நிறைய உண்டு. இதை ஒரு நிலத்தடிநீர் நிபுணர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். என் துறை இல்லை.

அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போடுவார்களா என்ற கேள்வியும் உங்களுக்கு வரும். சுரங்கக் கழிவுக்கான 2015 விதிகள் கழிவின் வகையைப் பொறுத்துத் தடுப்பு விரிப்பை ஏறக்குறையக் கட்டாயமாக்கின. 2018-இல் அது திருத்தப்பட்டு, அந்தந்த இடத்தின் ஆபத்தை மதிப்பிட்டு முடிவு செய்யலாம் என்றானது. விரிப்பு இல்லை என்றால் உடனே மோசடி என்று சொல்லிவிட முடியாது. இயற்கையாகவே கெட்டிக் களி இருக்கும் இடத்தில் விரிப்பு வழுக்குத் தளமாகிச் சரிவைக்கூட வரவழைக்கலாம். ஆனால் ஏன் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள் என்ற கணக்கு காகிதத்தில் இருக்க வேண்டும். விரிப்பு உண்டு என்றால், ஒவ்வொரு கட்டத்தின் விரிப்பும் அடுத்ததோடு எப்படி ஒட்டவைக்கப்படும், அந்த விளிம்பு வருடக்கணக்கில் வெயிலில் கிடக்கும்போது எப்படிக் காக்கப்படும் என்று கேளுங்கள். மறுபடியும் அதே ஒட்டும் இடம்தான்.

இத்தனை சொன்ன பிறகு, மேடு வரட்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அடிமண் பதிவு, ஊற்றுகளின் இடம், மேட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் இடையில் நிலம் சாயும் திசை, இந்த மூன்றும் இல்லாமல் பேசினால் அது ஜோசியம். ஒன்று மட்டும் சொல்வேன். பதிவுபெற்ற பொறியாளர் ஒருவர் வடிவமைப்பில் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். வடிவமைப்பில் கையெழுத்துப் போட்டவரே, அல்லது அவருக்கு இணையான வெளியாள் ஒருவர், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தளத்துக்கு நேரில் வருவார் என்று உரிமத்தின் நிபந்தனையாகவே எழுதவைக்க முடிந்தால், நீங்கள் கேட்டுப் பெறக்கூடியவற்றில் அதுதான் பெரியது. நான் பார்த்த நல்ல மேடுகளில் எல்லாம் அப்படி ஒருவர் வந்துபோய்க்கொண்டிருந்தார்.

நடைமுறைக்கு: பாதிக்கப்படக்கூடியவர் என்று உங்கள் பெயரை ஆய்வு நடத்தும் ஆலோசகரிடம் எழுத்தில் பதிவு செய்யுங்கள். வரைவு அறிக்கை வெளியானதும் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு; அதற்குள் கேள்விகளை எழுத்தில் கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் எழுத்தில் பதில் தந்து அறிக்கையில் சேர்க்க வேண்டும். வாயால் கேட்டது காற்றோடு போய்விடும். அண்டை நிலத்துக்காரர்கள் ஜூலுவிலோ ஆங்கிலத்திலோ கேட்க விரும்பினால் சேர்ந்தே கொடுங்கள். ஓடை எல்லோருக்கும் ஒன்றுதானே. தூசி விழும் அளவுக்கும் வரம்பு இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் ஒரு நாளுக்குச் சதுர மீட்டருக்கு 600 மில்லிகிராம். தூசியைப் பிடித்து அளக்கும் வாளிகளில் ஒன்றை உங்கள் வேலியோரம் வைக்கச் சொல்லலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் போர்ஹோல் தண்ணீரைச் சோதித்து வையுங்கள். அவர்கள் எடுக்கும் மாதிரி போதாது. நீங்களே அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சல்பேட், மின்கடத்துதிறன், அமில அளவு, இரும்பு, மாங்கனீசு, கூடவே நீர்மட்டம் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்பது. ஆகஸ்டில் ஒன்று, மழை பிடித்தபின் பிப்ரவரியில் ஒன்று, மறுபடி அடுத்த ஆகஸ்டில் ஒன்று. முதல் லாரி ஏறுவதற்கு முன் குறைந்தது இந்த மூன்று தாள்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். பின்னால் தண்ணீர் கெட்டால், முன்பு எப்படி இருந்தது என்று காட்ட உங்களிடம் வேறு எதுவும் இருக்காது. அடிமண் துளைப் பதிவும் கட்டங்களின் வரைபடமும் கிடைத்ததும் இங்கேயே போடுங்கள், வாசித்து எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.